வாவியைக் கழித்து வரைதல்
மட்டக்களப்பு நகரை உள்ளடக்கிய மண்முனை வடக்குப் பிரதேசச் செயலகப் பிரிவில், இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் 2013 அளவில் தொடங்கிய பணியால் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் பதிவாகியுள்ளன. இத்தகைய தரவைக் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் ஏற்றி, வரைபடவியல் பயிலாத ஆசிரியரும் மீனவர் சங்கத்தினரும்கூடத் தம் ஊரை வரையலாம்.

எனினும் மென்பொருள் தானாக இடும் நிறங்களை அப்படியே ஏற்பது பிழைக்கு இடமளிக்கும். மக்கள்தொகையை நிறச்செறிவால் காட்டும்போது எண்ணிக்கையையன்றி, அதனைப் பரப்பால் வகுத்துப் பெறும் அடர்த்தியையே காட்டவேண்டும். அப்பரப்பிலிருந்து மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பகுதியை முதலில் கழிக்காவிடில், மக்கள் நெருங்கி வாழும் கரையோரப் பிரிவும் அடர்த்தி குறைந்ததாகத் தோன்றும். வெள்ள நிவாரணத்தைத் திட்டமிடுவோர்க்கு இது சிறு பிழையன்று. நீலத்தை நீருக்கே ஒதுக்கி, அடர்த்திக்கு வெளிர்மஞ்சளிலிருந்து கரும்பழுப்புவரை ஒரே வரிசையில் நிறங்களைத் தெரிவது நன்று.