வேளைக்கொரு கூட்டம் கேட்கும் கடைத்தெரு

கடை வாடகை நாள் முழுவதற்கும் சேர்த்துத்தான். ஆள் வருவதோ சில மணி நேரம். சுற்றிலும் அலுவலகங்களே நிறைந்த தெருவில் உணவகம் வைத்தவர் மதியம் இருக்கை போதாமல் திணறுவார், மாலை ஆறு மணிக்குமேல் ஈ ஓட்டுவார். வீடுகள் மட்டுமே சூழ்ந்த தெருவில் பகல்பொழுது வீணாகும். மன்ஹாட்டனின் தென்முனையில் அலுவலகம் விட்டதும் தெருக்கள் வெறிச்சோடுவதைக் கவனித்த, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், 1961-இல் வெளியான தம் நூலில் இதைத்தான் விளக்கினார். வெவ்வேறு வேளையில் வெவ்வேறு காரணத்துக்காக மக்கள் நடமாடினால்தான் கடைத்தெரு பிழைக்கும். வீடும் கடையும் அலுவலகமும் ஒரே இடத்தில் சேரும் கலப்புப் பயன்பாட்டுக் கட்டுமானத்தின் அடிப்படை இதுவே.

இதைச் செய்து பார்த்த இடங்களில் முக்கியமானது, வாஷிங்டனுக்கு எதிரே பொட்டோமக் ஆற்றின் மறுகரையில் உள்ள ஆர்லிங்டன் கவுன்ட்டி. அங்கே கிளாரண்டன் ஒருகாலத்தில் பேர்பெற்ற கடைவீதி. பரந்த கார் நிறுத்துமிடங்களோடு புறநகர் வணிக வளாகங்கள் வந்தபின் அதன் வாடிக்கையாளர்கள் நழுவிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் மெட்ரோ ரயில் திட்டம் வந்தது. ஐ-66 நெடுஞ்சாலையின் நடுவே தண்டவாளம் போட்டால் செலவு குறைவு. கவுன்ட்டி நிர்வாகம் அதற்கு இசையவில்லை. நலிந்துபோன பழைய கடைவீதிக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகட்டும் என்று வாதாடி வென்றது. இதற்கு வலுவான காரணம் உண்டு. ரயிலிலிருந்து இறங்குபவர் சலிக்காமல் நடக்கும் தூரம் ஏறக்குறைய 400 மீட்டர், அதாவது ஐந்து நிமிடம். நிலையத்தைச் சுற்றி அந்த அளவில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால், நெடுஞ்சாலை நடுவிலுள்ள நிலையத்துக்கு வட்டத்தின் கணிசமான பங்கைச் சாலையே விழுங்கிவிடும். கடைவீதிக்கு அடியில் இருந்தால் வட்டம் முழுக்க வீடும் கடையும் அலுவலகமும் வரலாம்.

1979 டிசம்பரில் பால்ஸ்டன் வரை ரயில் ஓடியது. ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் உயரமான கட்டடங்கள், விலக விலக உயரம் குறைந்து, கடைசியில் பழைய தனிவீடுகள். அந்தத் தனிவீட்டுத் தெருக்களைத் தொடமாட்டோம் என்ற உறுதிமொழிதான் குடியிருப்போரைச் சம்மதிக்க வைத்தது. அந்த ஒப்பந்தம் இல்லாமல் எந்த வரைபடமும் காகிதத்தைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தரைத்தளத்தில் கடைகள், மேலே வீடுகளோ அலுவலகங்களோ. பகலில் ஊழியர் கார் நிற்கும் இடத்தில் இரவில் குடியிருப்பவர் கார் நிற்கலாம். காலையில் வாஷிங்டனுக்குப் போகிறவர்களும் வேலைக்காக ஆர்லிங்டனுக்கு வருகிறவர்களும் இருப்பதால் ரயில் இரு திசையிலும் ஆளோடு ஓடுகிறது. கட்டடங்கள் பெருகிய வேகத்தில் சாலையில் வாகனங்கள் பெருகவில்லை.

இதே தடத்திலுள்ள ராஸ்லினையும் பார்க்க வேண்டும். 1960-களில் அங்கே அலுவலகக் கோபுரங்களை நெருக்கமாகக் கட்டி, நடப்பவர்களைச் சாலைக்கு மேலே பாலங்களில் ஏற்றிவிட்டார்கள். கீழே நடமாட்டம் குன்றியது. பிறகு வீடுகளைச் சேர்த்து, அந்தப் பாலங்களை ஒவ்வொன்றாக இடிக்க வேண்டியதாயிற்று. ரயிலும் உயரமும் மட்டும் தெருவைக் காப்பாற்றுவதில்லை.

என்னை மிகவும் உறுத்துவது கிளாரண்டனின் இன்னொரு பக்கம். மெட்ரோவுக்காகச் சாலை தோண்டப்பட்ட 1970-களில் வாடகை சரிந்தது. 1975-இல் போர் முடிந்து அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் அந்தப் பழைய கட்டடங்களில் மளிகைக் கடைகளும் உணவகங்களும் திறந்தார்கள். ‘லிட்டில் சைகான்’ என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. ஆளில்லாத தெருவுக்கு ஆள் சேர்த்தவர்கள் அவர்கள். ரயில் வந்து, நிலத்தின் மதிப்பும் வாடகையும் ஏறியபோது அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பலர் ஃபால்ஸ் சர்ச் நகரின் ஈடன் சென்டர் வளாகத்துக்குப் போய்விட்டார்கள். 2001-இல் கிளாரண்டனில் திறந்த புதிய கலப்பு வளாகத்தின் தரைத்தளத்தைப் பெரிய நிறுவனங்களின் கடைகள் பிடித்தன.

பழைய கட்டடங்களும் கலந்திருக்க வேண்டும் என்று ஜேக்கப்ஸ் முன்பே வற்புறுத்தியது இப்படி நேரக்கூடும் என்பதால்தான். புதுக் கட்டடத்தின் கடன் வாடகையில் ஏறும். சிறுகடை அதைச் சுமக்காது. ஆர்லிங்டனின் திட்டம் உயரத்துக்கும் தூரத்துக்கும் அளவு வைத்தது. சிறுவணிகர் கட்டக்கூடிய வாடகைக்கு அளவு வைக்கவில்லை. சில பழைய வரிசைகளை இடிக்காமல் விட்டிருந்தால், புதிய வளாகங்களில் குறைந்த வாடகைக்குச் சிறுகடைகளை ஒதுக்கியிருந்தால், வியட்நாமியர் கடைகளில் சிலவாவது தாங்கள் உயிர்கொடுத்த தெருவிலேயே நிலைத்திருக்கும்.