தரம் தெரியுமுன்னே விலை

நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ஒரு படிவத்தைப் பார்த்தேன். பக்கத்தில் மைலார் உறைக்குள் ஒரு பழைய காமிக்ஸ். 1974 நவம்பர் என்று தேதியிட்ட 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழ். அன்றைக்கு அதன் விலை 25 சென்ட். வுல்வரின் என்ற நாயகன் முழுசாக வந்து இறங்கும் முதல் கதை. முந்தைய இதழின் கடைசிப் பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன், இதில்தான் சண்டைக்கு வருகிறான். தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கிரேடிங்குக்கு, அதாவது தரம் பார்த்து எண் கொடுப்பவர்களுக்கு, அனுப்ப எல்லாம் எழுதி முடித்திருந்தான். 'டிக்ளேர்டு வேல்யூ', அதாவது இதழின் மதிப்பு, என்ற கட்டத்தில் மட்டும் 400 என்று போட்டிருந்தான்.

"ஏன்டா நானூறு?"

"அதுக்கு மேல போனா கட்டணம் ஏறுதுண்ணே. எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் ஓர் இதழுக்காக வருஷக்கணக்கில் அலைகிறார்கள், மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொட்டுகிறார்கள். விரல் ரேகை படக்கூடாது என்று கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த இதழைப் பெட்டியில் போட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பும்போது, அதன் மதிப்பைத் தாங்களே ஐந்தில் ஒன்றாகக் குறைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு முடிச்சு இருப்பது உண்மைதான். காமிக்ஸின் விலையை முடிவு செய்வது தரம். 0.5-இல் தொடங்கி 10.0 வரை போகும் அந்த எண்ணைச் சொல்லப்போகிறவர்கள் பார்சல் போய்ச் சேரும் ஊரில் இருக்கிறார்கள். விலையையோ பார்சல் கிளம்பும் முன்னாலேயே கேட்கிறார்கள். பெண்ணா பிள்ளையா என்று தெரிவதற்குள் பேர் வைக்கச் சொல்கிற மாதிரி. ஒரு புள்ளி கூடினால், சில சமயம் அரைப் புள்ளி கூடினாலே, விலை எகிறிவிடும். 9.6-க்கும் 9.8-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நம் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதுகுப்புற மடிப்பில் மயிரிழை போல இரண்டு கீறல் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பிரபலமான இதழ்களில் அந்த இரண்டு கீறலுக்குள் ஒரு காரின் விலை அடங்கியிருக்கும்.

தரம் ஒன்றாகவே இருந்தாலும் காலம் விலையை மாற்றிவிடுகிறது. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938-ஆம் வருஷத்து 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில், 8.5 தரம் பெற்ற ஒரு பிரதி 2021-இல் 32.5 லட்சம் டாலருக்குப் போனது. அதே 8.5 தரத்தில் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மூன்றே வருஷம். எதிர்த்திசையிலும் நடக்கும். ஊரடங்கு நாட்களில் வீட்டில் உட்கார்ந்தபடி எல்லாரும் வாங்கித் தள்ளியதில் எழுபதுகளின் இதழ்கள் பல விண்ணுக்குப் போயின, 2022-க்குப் பிறகு இறங்கிவிட்டன. ஆகவே 2021-இல் யாரோ விற்ற ரசீதைப் பார்த்து இன்றைக்கு விலை எழுதினால் அதுவும் பிசகு. கூட்டி எழுதுவதால் லாபம் கிடையாது. நாம் எழுதிய தொகை, நிஜ நஷ்டம் இரண்டில் எது குறைவோ அதைத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் கொடுப்பார்கள். ஆயிரம் டாலர் இதழுக்குப் பத்தாயிரம் எழுதினால் பிரீமியம்தான் வீண். குறைத்து எழுதினால் மட்டும் அந்தக் குறைந்த எண் அப்படியே நம் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் எதை எழுதுவது? என் அபிப்பிராயம் இதுதான். நாளைக் காலையில் இந்த இதழ் கையில் இல்லை என்று வையுங்கள். இதே நிலையில் இன்னொன்றை வாங்க எவ்வளவு ஆகுமோ, அதுதான் படிவத்திலும் போகும் வழிக்கும் எழுதவேண்டிய தொகை. 'இந்த விலைக்குத் தருகிறேன்' என்று கடை விரித்திருப்பவர்களின் எண் உதவாது. கடந்த மூன்று நான்கு மாதத்தில் கைமாறி முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். உங்கள் மனசு 6.0 என்று சொன்னால் 5.5-இன் விலையை எடுங்கள். சொந்தப் பிள்ளைக்கு யாருமே கூடுதலாகத்தான் மார்க் போடுவார்கள். போகும்போது அது உறையில் கிடக்கும் வெறும் இதழ். வரும்போது கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து நெற்றியில் எண் ஒட்டிய ஸ்லாப். இரண்டும் வேறு வேறு விலை. தரம் அறிவித்த பிறகு, பார்சல் திரும்பக் கிளம்புவதற்குள், அந்தப் புதிய விலைக்குத் தக்கபடி திரும்பும் வழிக்கான தொகையை மாற்றச் சொல்லிக் கேட்கவேண்டும். கேட்பவர்கள் குறைவு.

குறைத்து எழுதினால் கட்டணம் மிச்சமாகும் என்ற கணக்கும் பெரும்பாலும் நிற்பதில்லை. ஒவ்வொரு கட்டணப் படிக்கும் ஒரு மதிப்பு உச்சவரம்பு உண்டு. தரம் போட்டு முடித்ததும் சந்தை விலை அதைத் தாண்டினால், அடுத்த படிக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டுதான் இதழை விடுவார்கள். மிச்சம் பிடித்த காசு கடைசியில் போய்விடும். வழியில் அந்த இதழ் சுமந்த ஆபத்துக்கு மட்டும் யாரும் ஈடு தரமாட்டார்கள்.

நிறையப் பேர் ஏமாறும் இடம் இன்னொன்று. படிவத்தில் எழுதும் தொகை, இதழ் தரம் போடுகிறவர்கள் கைக்குப் போன பிறகுதான் பேசும். நம் வீட்டிலிருந்து அவர்கள் வாசல் வரைக்குமான வழி நம் பொறுப்பு. அதற்கு நாம்தான் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும். கூரியர் கவுன்ட்டரில் ஒரு மதிப்பைச் சொன்னால் இன்ஷூரன்ஸ் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். அங்கே சொல்வது, 'எங்கள் பொறுப்பு இந்த அளவோடு சரி' என்ற வரம்பு மட்டுமே. அதிலும் சேகரிப்புப் பொருள் என்றால் தனியார் கூரியர்கள் சிலவற்றில் அந்த வரம்பு சட்டென்று கீழே இறங்கிவிடும், விதிப்புத்தகத்தின் உள்பக்கம் ஒன்றில் அது அச்சாகியிருக்கும். வீட்டுக்கு எடுத்திருக்கும் பாலிசியும் பொதுவாக இந்த மாதிரிப் பொருளுக்குச் சொற்பத் தொகையோடு நின்றுவிடும். சேகரிப்புக்கென்றே தனியாகப் பாலிசி தருபவர்கள் இருக்கிறார்கள். அதில் பார்சல் வழியில் இருக்கும்போது எவ்வளவுக்குப் பாதுகாப்பு, எந்த வகையில் அனுப்பினால் செல்லும் என்ற வரியைத் தேடிப் படிக்கவேண்டும்.

அமெரிக்கத் தபாலில் பதிவுத் தபால் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. 50,000 டாலர் வரை இன்ஷூர் செய்யலாம். மெதுவாகப் போகும், வழியில் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறினாலும் கணக்கில் ஏறும். அதற்குப் பளபளப்பான பிளாஸ்டிக் டேப் ஒட்டிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுப்புக் காகித டேப்தான் ஒட்டவேண்டும். ஒவ்வொரு மூட்டின் மேலும் வட்ட முத்திரை குத்துவார்கள். மை காகிதத்தில் ஊறினால்தான், வழியில் எவனாவது பிரித்தானா என்று தெரியும்.

நான் ராத்திரி தூக்கம் கெட்டு யோசிப்பது தொகையைப் பற்றிக்கூட இல்லை, சாட்சியைப் பற்றி. தொலைந்துபோன இதழுக்கு யாரும் தரம் போட முடியாது. நசுங்கி வந்த இதழ் நேற்று எப்படி இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 'ஐயாயிரம் பெறும்' என்று நாம் எழுதினால், 'காட்டு' என்பார்கள். எதைக் காட்டுவது?

தம்பிக்கு இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. பனிஷர் என்ற பாத்திரம் முதலில் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 129-ஆம் இதழ் ஒன்றைப் போன வருஷம் அனுப்பினான். போகும் வழியில் பெட்டியின் ஒரு மூலை இடிபட்டு, இதழின் கீழ்மூலை பூனைக்காது போல மடிந்துவிட்டது. இழப்பீடு கேட்டபோது எதிரே வந்த முதல் கேள்வி, இதற்கு முன் மூலை சரியாக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்பதுதான். அவனிடம் இருந்தது செல்போனில் தூரத்தில் எடுத்த ஒரே ஒரு படம், அட்டை முழுக்க விளக்கு வெளிச்சம். மூலையே தெரியவில்லை. அவன் எழுதியிருந்த தொகையும் நூறு டாலர். அந்த நூறும் வரவில்லை.

இந்த ஹல்க் இதழில் இன்னொரு சங்கதி உண்டு. அந்த வருஷம் வாசகர் கடிதப் பக்கத்தில் தபால்தலை போல ஒரு சின்னப் படம் அச்சிட்டார்கள். கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டச் சொன்னார்கள். லட்சணமாகச் சொன்னபடி செய்த பிள்ளைகள் எத்தனையோ! அதனால் அட்டை கண்ணாடி மாதிரி இருந்தாலும், உள்ளே ஓர் ஓட்டை விழுந்த பிரதிகள் உலகமெங்கும் கிடக்கின்றன. அந்த ஓட்டை இருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்காமல் 181-ஆம் இதழை அனுப்பினால், நாளை நஷ்டஈடு கேட்கும்போது, 'அந்தத் தபால்தலைப் படம் இருந்தது' என்பது வெறும் வாய்ப்பேச்சு.

அன்று மத்தியானம் முழுக்க அதைத்தான் செய்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் இதழை மைலாரிலிருந்து மெல்ல உருவி, முன்னட்டை, பின்னட்டை, நான்கு மூலை, இரண்டு ஸ்டேபிள், நடுப்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் படம். சாய்வு வெளிச்சத்தில் முதுகை ஒரு தரம், கீறல் எத்தனை என்று எண்ணும்படி. கடிதப் பக்கத்தை விரித்தபோது அந்தத் தபால்தலைப் படம் முழுசாக இருந்தது. தம்பி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. பெட்டி கட்டுவதையும் வீடியோ எடுத்தோம். இதழுக்கு இரண்டு பக்கமும் அட்டை, அந்த அட்டையைச் சின்னப் பெட்டியில், சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டியில். வெளியே காமிக்ஸ் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

எப்போதோ ஒன்றுதான் தொலைகிறது, ஒவ்வொன்றுக்கும் முழுத் தொகை கட்டினால் கட்டுப்படியாகாது என்று மொத்தமாக அனுப்பும் வியாபாரிகள் சொல்வார்கள். நூறு இதழ் அனுப்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஒரே ஒரு இதழ் வைத்திருப்பவனுக்கு அது பொருந்தாது.

படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். சமீபத்தில் விற்ற நான்கு பிரதிகளின் விலையை ஒரு தாளில் குறித்து, அவன் நினைத்த 5.0-க்குப் பதில் 4.5-இன் விலையைப் பிடித்து, 1,900 என்று போட்டான். தபாலாபீஸ் கவுன்ட்டரிலும் அதே தொகையைச் சொன்னான். அங்கிருந்த பெண்மணி பழுப்பு டேப்பின் மூட்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முத்திரை குத்தினார். பெட்டியை அவர் பின்பக்கம் எடுத்துப் போகும் வரை நாங்கள் நகரவில்லை.

சில வாரம் கழித்து ஊருக்குப் போன் வந்தது. "அண்ணே, நாலரைதான் குடுத்திருக்காங்க." குரலில் கொஞ்சம் வருத்தம். "திரும்பி வர்றதுக்குத் தொகையை மாத்தச் சொல்லிட்டியா?" என்றேன். அதைச் செய்துவிட்டுத்தான் எனக்கே போன் பண்ணியிருக்கிறான். காது மடிந்த அந்த ஸ்பைடர்மேன் இதழ் மட்டும் இன்னும் அவன் அலமாரியில், வெறும் உறையில் இருக்கிறது.