படகே வீடாகுமா?

வீட்டை விற்று, படகொன்று வாங்கி, கால்வாயிலேயே குடியிருக்கலாமா என்னும் வினா இங்கிலாந்திலே இன்று பலர் உள்ளத்தில் எழுகின்றது. வீட்டு வாடகையும் விலையும் ஏறியமை இதற்கு முதற் காரணம். அமைதியை நாடும் ஆசை இரண்டாவது. ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டை விற்றுப் படகில் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. இரண்டு மாரி கழிந்தபின் அவர் மனம் மாறுமாயின், விற்ற விலைக்கு அவ்வீடு மீண்டும் கிடைக்குமா? நிலம் பெரும்பாலும் விலையேறும். இரும்புப் படகோ துருவேறும். ஆதலின் இவ்வினாவை ஏறுமுன்னரே ஆராய்தல் வேண்டும்.

இக்கால்வாய்ப் படகுகள் மிக ஒடுங்கியவை. 18 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய்கள் பலவற்றில், படகுகளை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் அமைத்த கதவிட்ட நீர்த்தொட்டிகளின் அகலம் 7 அடியே. அதனால் படகின் அகலம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குலத்துக்கு மேற்படுவதில்லை. உள்ளே இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கியே நிற்க வேண்டும்.

இவ்வாழ்க்கை புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டிலே புகையிரதப் போட்டியால் வருவாய் குன்றவே, சரக்குப் படகோட்டிகள் பலர் கரையிலிருந்த வீட்டைக் கைவிட்டு, ஏறத்தாழ 10 அடி நீளமுள்ள பின்னறையிலே மனைவி மக்களோடு குடியேறினர். அந்நெருக்கடியைக் கட்டுப்படுத்த 1877 இல் பாராளுமன்றம் சட்டமே இயற்ற நேர்ந்தது. அவர்கள் வறுமையால் ஏறியவர்கள். விரும்பி ஏறியவர்களுள் பெயர் பெற்றவர் எழுத்தாளர் எல். ரி. சி. ரோல்ட். 1939 இல் மணமுடித்த கையோடு ‘கிரெசி’ என்னும் படகிலே குடியேறி, 1951 வரை அதில் வாழ்ந்தார். 1944 இல் அவர் வெளியிட்ட நூல் பலருக்கு இவ்வாசையை ஊட்டிற்று. ஆயினும் 1941 முதல் 1946 வரை அப்படகு டார்டபிக் என்னும் ஓரிடத்திலேயே கட்டப்பட்டுக் கிடந்தது என்பதை அவர்களுட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உண்மையில், எந்தப் படகை வாங்குவது என்பதைவிட, அதை எங்கே கட்டுவது என்பதே பெரிய வினா. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதிப் பத்திரம் பெற விரும்புவோர் படகுக்கென நிலையான கட்டுமிடம் ஒன்றைக் காட்ட வேண்டும். அன்றேல், எவ்விடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்காது, தக்க காரணம் இருந்தாலன்றிப் பயணஞ்செய்துகொண்டே இருக்க வேண்டும். 2012 முதல் இங்கிலாந்து, வேல்சுக் கால்வாய்களிற் பெரும்பாலானவற்றைப் பராமரித்துவரும் அறக்கட்டளை இவ்விதியைக் கண்காணிக்கின்றது. ஓரிரு மைல் எல்லைக்குள் முன்னும் பின்னுமாக உலாவுவதை அது பயணமாகக் கொள்வதில்லை. பிள்ளை பாடசாலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு இது எத்துணை இடர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! நிலையான கட்டுமிடமே நல்லதெனின், அவற்றிற் பெரும்பாலானவை பொழுதுபோக்குப் படகுகளுக்கே உரியவை. ஆண்டு முழுவதும் குடியிருக்க அனுமதியுள்ளவை சில. இலண்டனுக்கு அண்மையில் அவை கிடைப்பது மிக அரிது. கிடைத்தாலும் கட்டணம் சிறிதன்று.

அடுத்தது நாளாந்த உழைப்பு. கரைவீட்டிலே குழாயைத் திறந்தால் நீர் வரும். படகிலோ நீர்நிலையத்துக்குச் சென்று தாங்கியை நிரப்ப வேண்டும். மலகூடக் கொள்கலத்தையும் தாமே சுமந்து உரிய இடத்தில் வெறுமையாக்க வேண்டும். இதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள் கோடையில் உதவும். திசெம்பரில் அவை பெரிதும் பயன்படா. பற்றரிக்கு மின்னேற்ற இயந்திரத்தை ஓட்டியே ஆகவேண்டும். மாரியில் கால்வாய் உறைந்தால் படகு நகராது. திருத்த வேலைக்காக நீர்த்தொட்டிகள் பல மூடப்படுவதும் அக்காலத்திலேதான்.

குளிருக்கு விறகோ கரியோ எரிக்கும் அடுப்பு உண்டு. அது தரும் இதத்தோடு ஓர் அபாயமும் உண்டு. புகைபோக்கி பழுதுற்றாலோ காற்றோட்டம் அடைபட்டாலோ, நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு அச்சிறிய அறையில் விரைவில் நிறைந்து, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வாழறையுள்ள படகுகளில் இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி இருத்தல் வேண்டுமென 2019 இல் விதிக்கப்பட்டது.

இவையெல்லாம் அறிந்த பின்னும் ஆசை குன்றாதவர், கோடை விடுமுறையில் ஒரு வாரம் படகில் உலாவி முடிவு செய்தல் போதாது. சனவரியிலே ஒரு மாதம் வாடகைப் படகொன்றில் இருந்து பார்க்கட்டும். அதிலிருந்தே தொழிலுக்கும் போய் வரட்டும். அதன்பின் தெரிந்தெடுக்கும் படகை நீரிலிருந்து கரையேற்றி, தகுதி பெற்ற பரிசோதகரைக் கொண்டு இரும்பின் கனத்தை அளப்பித்த பின்னரே பணம் கொடுக்கட்டும். புதிய படகின் அடித்தகடு பொதுவாக 10 மில்லிமீற்றர், பக்கத்தகடு 6 மில்லிமீற்றர் கனமுள்ளவை. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை கரையேற்றிக் கரும்பூச்சுப் பூசப்படாத படகில் இக்கனம் குழிகுழியாக அரிக்கப்பட்டிருக்கும். உள்ளறையின் புத்தம் புதிய வர்ணம் அதைக் காட்டாது.