கூட்டலில் நழுவிய ரூபாய்

எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவை எக்ஸெலில் எழுதுவது என் நாத்தனார்தான். போன மாசம் ஒருநாள் முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

"அண்ணி, கையிருப்பிலே 2,400 ரூபாய் குறையுது. யாரும் வாயைத் திறந்து கேக்கலை. ஆனா, பாக்கற பார்வையே சரியில்லை."

தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்கிற வரைக்கும் போய்விட்டாள், பாவம்!

பணம் எங்கேயும் போகவில்லை. செலவுப் பத்தியில் நாலு இடத்தில் 600. வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதில், கம்ப்யூட்டருக்கு அவை எண்ணல்ல, வெறும் எழுத்து! 'சம்' கூட்டல் எழுத்தைச் சேர்க்காது; சேர்க்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

கண்டுபிடிப்பது சுலபம். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். கட்டத்தின் மேல்மூலையில் குட்டிப் பச்சை முக்கோணமும் தெரியும். அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் ஆச்சரியக்குறியை அழுத்தி, 'கன்வெர்ட் டு நம்பர்' கொடுங்கள். முக்கோணம் இல்லையா? காலிக் கட்டத்தில் 1 எழுதிக் காப்பி செய்து, அந்தக் கட்டங்கள் மேல் 'பேஸ்ட் ஸ்பெஷ'லில் 'மல்டிப்ளை' போடுங்கள். ஃபார்மேட்டை மட்டும் 'நம்பர்' என்று மாற்றினால் போதாது. (நாங்கள் அரைமணி நேரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்!)

ஒன்றே ஒன்று: வங்கிக் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் எழுத்தாகவே விட்டுவிடுங்கள். எண்ணாக்கினால் முன்னால் உள்ள சைபர் போய்விடும்; 15 இலக்கத்துக்கு மேல் இருப்பதெல்லாம் சைபராகிவிடும்.