ஒரு சொட்டில் முடியும் கணக்கு

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர் கற்கும் முதல் வித்தை, பார்க்க மிகச் சாதாரணமானது. தாங்கியில் நிற்கும் பியூரெட் என்ற கோடிட்ட கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து, கீழே கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறியதும் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். தரம் பார்த்தல் என்று இதற்குப் பெயர். அந்தச் சில நிமிடங்களில், நுண்ணோக்கிக்கும் சிக்காத துகள்களை அவர் வெறுங்கண்ணால் எண்ணி முடித்துவிடுகிறார்.

எத்தனை துகள்கள்? சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த கரைசலை 0.1 மோலார் என்பார்கள். ஆய்வகங்களில் வழக்கமான வலிமை அது. அதன் ஒரே சொட்டில் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனிகளின் எண்ணிக்கையை எழுத, 3 போட்டு 18 சுழியங்கள் இட வேண்டும். விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் 9,500 கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

சரி, ஒரு சொட்டுத் துல்லியம் எப்படிக் கிடைக்கிறது? குடுவையில் அதே வலிமையுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லிலிட்டர் இருக்கட்டும். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலில் ஒரு படி ஏறினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். தொடக்கத்தில் பிஎச் 1. பியூரெட்டிலிருந்து 19 மில்லிலிட்டர் இறங்கிய பிறகும் 2.6-ஐத்தான் தொடுகிறது, ஏறக்குறைய 380 சொட்டுகள் போயும் இரண்டு படிகூட ஏறவில்லை. 19.95-இல் 3.9. அடுத்த இரண்டு சொட்டுகளில், அதாவது 20.05-இல், 10.1! இரண்டே சொட்டில் அமிலத்தன்மை பத்து லட்சம் மடங்குக்கு மேல் சரிகிறது. இவ்வளவு செங்குத்தான பாய்ச்சல் இருப்பதால்தான், 8.3-க்கு மேல் நிறம் மாறும் பினாப்தலீனைக்கூட நம்ப முடிகிறது. சரியான நடுநிலை 7-இல் இருந்தாலும், வித்தியாசம் ஒரு சொட்டைத் தாண்டாது.

இந்தப் பினாப்தலீன் ஒரு நிறங்காட்டி. சூழலைப் பொறுத்து நிறம் மாறும் பொருள். 1871-இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் இதை உருவாக்கினார். இதன் மூலக்கூறில் மூன்று கார்பன் வளையங்கள் ஒரு நடுக் கார்பனில் இணைந்திருக்கின்றன. அமிலத்தில் அந்த நடுக் கார்பன் குறுக்கே நின்று, வளையங்களின் எலக்ட்ரான்கள் கலக்காமல் தடுக்கிறது. கரைசல் நிறமின்றித் தெரிகிறது. காரம் பட்டதும் அமைப்பு திறந்து தட்டையாகிறது, எலக்ட்ரான்கள் முழு மூலக்கூறிலும் பரவுகின்றன. அப்போது அது பச்சை ஒளியை விழுங்கிவிட, மிச்சம் நம் கண்ணுக்கு இளஞ்சிவப்பாக வந்து சேர்கிறது. (இதே பொருளைப் பல பத்தாண்டுகள் மலமிளக்கியாக விற்றார்கள் என்பது கொசுறுச் செய்தி.) குடுவையைச் சற்று நேரம் வைத்தால் நிறம் வெளிறிப் போகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து காரத்தைத் தின்றுவிடுவதே காரணம். முடிவுநிலையில் தவறு நேர்ந்துவிட்டதென்று பதற வேண்டாம்.

முடிவை நெருங்கும்போது சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு மின்னி, குடுவையைச் சுழற்றியதும் மறைகிறதே, வினை மெதுவாக நடக்கிறதா? இல்லை, கலப்பதுதான் மெதுவாக நடக்கிறது. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது கரைசலில் நடக்கும் மிக வேகமான வினைகளில் ஒன்று. இத்தகைய அதிவேக வினைகளை அளக்க வழி கண்ட மான்ஃப்ரெட் ஐகனுக்கு 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த வேகத்துக்குக் காரணம், ஹைட்ரஜன் அயனி நீந்திப் போவதில்லை, கைமாறிப் போகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அப்படி. ஒரே வேறுபாடு: இங்கே கடைசி ஆளின் கைக்கு வருவது முதல் ஆள் கொடுத்த செங்கல் அல்ல. ஒரு நீர் மூலக்கூறு வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த வேறொரு ஹைட்ரஜனை அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது.

தரம் பார்த்தலில் பயன்படும் இன்னொரு கரைசலான பெர்மாங்கனேட் இன்னும் சுவாரசியமான ஆசாமி. அதற்கு நிறங்காட்டியே தேவையில்லை. தானே அடர் ஊதா, வினை முடிந்தால் கிட்டத்தட்ட நிறமற்ற மாங்கனீசு அயனி. ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கித்தான் இதைச் சேர்ப்பார்கள். முதல் சில சொட்டுகள் நிறம் போகாமல் அடம்பிடிக்கும். பிறகு திடீரென்று விழ விழ மறையும். வினையில் பிறந்த மாங்கனீசு அயனியே அந்த வினையை விரட்டத் தொடங்குவதுதான் காரணம். இதைத் தன்வினையூக்கம் என்கிறார்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வியும் இங்கேதான் இருக்கிறது: இந்த வினைக்கு வேண்டிய அமிலச் சூழலுக்கு ஏன் கந்தக அமிலம், ஏன் ஹைட்ரோகுளோரிக் கூடாது? பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி குளோரினாக்கிவிடும்; கணக்கு கெடும்.

தரம் பார்க்கும் இந்தக் கலை வெளுப்புத் தொழிலில் வளர்ந்தது. துணியை வெளுக்கும் கரைசல் வலுவிழந்தால் வெளுக்காது, மிஞ்சினால் துணி நைந்துபோகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் ரூவான் நகரத்து தெக்ருவாசில் அதை அளக்கக் கோடிட்ட கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களை 1824-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக். அவருடைய பியூரெட்டைச் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். அடியில் ரப்பர் குழாயும் கவ்வியும் வைத்து ஒற்றைச் சொட்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானிய மருந்தாளர் மோர். மோர் உப்புக்கு அவர் பெயர்தான்.

விதிமுறைகளில் ஒளிந்திருக்கும் சாமர்த்தியத்தையும் பாருங்கள். பியூரெட்டையும், குடுவைக்குக் கரைசலை அளந்து விடும் பிப்பெட்டையும் அந்தந்தக் கரைசலாலேயே அலச வேண்டும். உள்ளே தண்ணீர் தங்கினால் கரைசல் நீர்த்துப்போகும். கூம்புக் குடுவையை மட்டும் வாலை வடிநீரால் கழுவினால் போதும். உள்ளே போன துகள்களின் எண்ணிக்கை பிப்பெட்டிலேயே முடிவாகிவிட்டது. மேற்கொண்டு எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது மாறாது. பிப்பெட்டின் நுனியில் கடைசியில் தங்கும் துளியை ஊதித் தள்ளக் கூடாது என்பதும் இப்படித்தான். அந்தத் துளி உள்ளேயே தங்கும் என்று கணக்கிட்டே கண்ணாடியில் கோடு போட்டிருக்கிறார்கள். ஊதினால் 20 மில்லிலிட்டர் என்பது 20 ஆக இருக்காது.

ஊதக் கூடாது, உறிஞ்சவும் கூடாது. வாயால் பிப்பெட்டை இழுக்கும் பழக்கம் உங்கள் ஆய்வகத்தில் இன்னும் இருந்தால், ரப்பர் பல்ப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.