மரை போச்சா? என்ஜின் கூட்டை மாற்ற வேண்டாம்!

ஓமலூர்—

"மரை போயிருச்சுங்ணா!"

மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் அலறல் இது.

ஆயில் மாற்றி முடித்ததும், என்ஜினுக்கு அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை "இன்னும் ஒரே ஒரு இறுக்கு" என்று ஸ்பேனரை அழுத்துவார்கள். கரக்! அவ்வளவுதான். போல்ட் இறுகாது. சும்மா சுற்றும். வெளியே இழுத்தால், கூட்டின் மரை வெள்ளிக்கம்பி போல சுருள் சுருளாக வந்து விழும்.

வண்டிக்காரருக்கு வியர்த்துக்கொட்டும். கூட்டையே மாற்றுவது என்றால் என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவு.

அந்தக் கவலை பெரும்பாலும் தேவை இல்லை. போன மரையை மறுபடியும் போடலாம்!

தொப்பூர் கணவாய்

ஓமலூர், சேலம்-தர்மபுரி ரோட்டில் இருக்கிறது. மேட்டூர் ரோடும் இங்கே பிரிகிறது. வடக்கே போனால் தொப்பூர் கணவாய்.

போல்ட்டில் டேப்பைச் சுற்றி, பசையைப் பூசி, "ஊரு போய்ச் சேர்ந்தா போதும்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. என்ஜின் சூட்டிலும் அதிர்விலும் போல்ட் கழன்று விழுந்தால் ஆயில் முழுவதும் கொட்டிவிடும். என்ஜின் இறுகி நின்றுவிடும். ஆயில் பின் டயரில் பட்டால் வழுக்கும். கணவாய் இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

10 கிலோ பாரம்

போல்ட் இரும்பு. என்ஜின் கூடு அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான்.

6 மில்லி போல்ட்டுக்கு வேண்டிய பலம் கொஞ்சம்தான். 10 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ பாரம் கொடுத்தால் போதும். சிலர் ஸ்பேனரில் குழாயை மாட்டி 30 சென்டிமீட்டர் ஆக்கிவிடுகிறார்கள். அதே கை, 3 மடங்கு இறுக்கம். மரை என்ன செய்யும், பாவம்!

அங்குலமா? மில்லியா?

பழைய வண்டிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 1955-ல் சென்னைக்கு வந்த புல்லட் இங்கிலாந்து வண்டி. அதன் மரை அங்குலக் கணக்கு. 1961-ல் மைசூரில் தயாரான ஜாவா, செக் நாட்டு வண்டி. மில்லிமீட்டர் கணக்கு.

5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லி. 8 மில்லி துளையில் தாராளமாக நுழையும். 2, 3 சுற்று சுற்றும். பிறகு இறுகும். காரணம், மரைகளின் இடைவெளி வேறு. சாய்வும் வேறு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அங்குல மரை 55 டிகிரி. மில்லி மரை 60 டிகிரி. "துரு பிடிச்சிருக்கு" என்று நினைத்து அழுத்தினால் துளை காலி.

இதனால்தான், பழகிய மெக்கானிக் எந்த போல்ட்டையும் முதலில் விரலால் திருகிப் பார்க்கிறார். அதன் பிறகே ஸ்பேனரைத் தொடுகிறார்.

கம்பிச்சுருள்

மரை லேசாக நசுங்கி இருந்தால், அதே அளவு டேப்பை விட்டுச் சுத்தம் செய்தால் போதும்.

முழுவதும் போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி 8 மில்லி போல்ட் போடுவது பழைய வழி. ஆனால் துளையைச் சுற்றி சதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடு விரிந்துவிடும்.

மேலான வழி, ஹெலிகாயில் எனப்படும் கம்பிச்சுருள். துருப்பிடிக்காத எக்கில் செய்த குட்டி ஸ்பிரிங் அது. 6 மில்லி போல்ட்டுக்கு சுமார் 6.3 மில்லி துளை போட வேண்டும். அதற்கென்று உள்ள டேப்பால் மரை வெட்டி, சுருளைத் திருகி உள்ளே இறக்க வேண்டும். அடியில் உள்ள வாலை ஒடித்து எடுத்துவிட வேண்டும். பழைய அளவு போல்ட்டே மறுபடியும் சேரும். பிடிப்பு முன்பைவிட பலம்!

டேப்பைக் கடகடவென்று சுற்றக்கூடாது. அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. அலுமினியத்துக்கு மண்எண்ணெய் விட்டால் வழவழப்பாக வெட்டும். டேப்பின் பள்ளத்தில் கிரீசைத் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். தூள் உள்ளே விழுந்தால் பேரிங் கெடும். ஸ்பார்க் பிளக் துளை என்றால் இன்னும் உஷார். அங்கே விழும் தூள் நேராக பிஸ்டன் தலைக்குப் போகும்.

போல்ட் முறிந்தால்?

தலை முறிந்து, தண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் நிலைமை மோசம்.

முனை நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகி எடுத்துவிடலாம். உள்ளே புதைந்திருந்தால் நடுவில் துளையிட்டு, இடதுபக்க மரை கொண்ட 'ஈசி அவுட்'டை விட வேண்டும்.

பேரில்தான் 'ஈசி'. அது முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. அவ்வளவு கடினமான எக்கு. அப்புறம் மின்பொறியால் அரிக்கும் எந்திரம் உள்ள பட்டறையைத் தேட வேண்டியதுதான். அதனால் அவசரக்காரர்கள் இதில் கை வைப்பதில்லை. முதல்நாளே துருநீக்கும் எண்ணெயை விட்டு ஊற வைக்கிறார்கள்.

மரை போட்டு முடிந்ததும் புது வாசரைப் போட்டு போல்ட்டை இறுக்க வேண்டும். தூள் போக கொஞ்சம் ஆயிலை ஊற்றி வடித்துவிட்டு, பிறகு அளவாக நிரப்ப வேண்டும். 10 நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்து வைக்கிறார்கள்.

பேப்பரில் ஒரு சொட்டு விழவில்லை என்றால்தான் வண்டிச் சாவி கைக்கு வரும்.