புல்லட்டுக்கு ஒரு கவர்னர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



பேரவை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலர் அண்ணன் வகுப்புக்கு வந்து கேட்டபோது, ஒருவன் சூரிய சக்தி என்றான், ஒருவன் ரோபோ என்றான். நான் "நாய்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். கவர்னர் என்றால் என்னவென்று எனக்குப் புரிய வைத்தது பாடப்புத்தகம் இல்லை, எங்க வீட்டு நாய்தான். (ராஜ்பவன் கவர்னர் இல்லீங்க, 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் மாட்டிய, குண்டு சுற்றுகிற கவர்னர்.)

நாயின் பெயர் புல்லட். தாய் தெரு நாய், தகப்பன் சிப்பிப்பாறையாக இருக்கலாம். காலும் இடுப்பும் அப்படித்தான் சொல்கின்றன. ஓடுகிற எதைப் பார்த்தாலும் ஓடும். பந்து, அணில், டி.வி.எஸ். எக்ஸெல், எதுவானாலும் சரி. அப்பா பவுண்டரியில் லோடு ஏற்றுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு நாய்ப் பயிற்சித் திடலில் கூண்டு கழுவப் போவேன். பஸ் பாஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அந்தக் காசு சரியாக இருக்கும். திடலை நடத்துபவர் ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மீரட்டில் பயிற்சி எடுத்தவர். எல்லோருக்கும் அவர் மிலிட்டரி மாமா.

அங்கேதான் அஜிலிட்டி என்ற விளையாட்டைப் பார்த்தேன். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்காக உண்டாக்கிய விளையாட்டு இது. 1978-ல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டம் சலித்துப் போகக்கூடாது என்று ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற இருவர் சேர்ந்து செய்து காட்டினார்களாம். இரண்டே வருடத்தில், 1980-ல், அந்நாட்டுக் கென்னல் கிளப் அதற்கு விதிமுறை போட்டது. 1996 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. இடைவேளைக்கு வந்தது மெயின் படத்தையே ஓரங்கட்டிய கதை!

விளையாட்டு இதுதான். திடலில் பதினைந்து முதல் இருபத்திரண்டு தடைகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். தாண்டும் கம்பி, குழாய்ச் சுரங்கம், ஏ எழுத்து மாதிரிச் சாய்ந்த பலகை, உயர நடைபலகை, சீசா. பிறகு ஒரே வரிசையில் நட்ட பன்னிரண்டு கம்புகள், அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில். நாய் பாம்பு மாதிரி அதில் வளைந்து வளைந்து போக வேண்டும். முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வர நுழையணும். பலகைகளின் அடியில் வேறு வண்ணம் பூசியிருக்கும், அங்கே கால் படாமல் குதித்தால் ஐந்து புள்ளி தவறு. கம்பி விழுந்தாலும் ஐந்து. கூட ஓடுபவர் நாயைத் தொடக்கூடாது, கையில் தீனியோ பந்தோ வைத்திருக்கக்கூடாது. குரலும் கை கால் அசைவும் மட்டும்தான். தடைகளின் வரிசை ஒவ்வொரு போட்டிக்கும் மாறும், அதனால் மனப்பாடம் செல்லாது.

பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. முக்கால் அங்குல பி.வி.சி. பைப், எல்போ, டீ வாங்கி நானே தடைகள் செய்தேன். நம் தொழிலுக்கு இதெல்லாம் பெரிய வேலையா? ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. குறுக்குக் கம்பியை இறுக்கி ஒட்டக்கூடாது, லேசாக உட்கார்ந்திருக்க வேண்டும். நாயின் கால் பட்டால் கம்பிதான் விழணும், நாய் விழக்கூடாது. ஆறு மாதத்தில் எங்கள் வீதிக் கோடியில் உள்ள காலி மனையில் புல்லட் எல்லாத் தடையையும் தப்பில்லாமல் செய்தான். அப்பாவே வேலை முடிந்து வந்து நின்று பார்ப்பார்.

ஒரு ஞாயிறு திடலில் சின்னதாக ஒரு போட்டி வைத்தார்கள். அப்பா ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

முதல் மூன்று தடை மின்னல். கம்புகளில் ஆறாவதோடு வெளியே வந்துவிட்டான். நான் கத்தினேன். அவ்வளவுதான், வட்டம் போட ஆரம்பித்தான். திடலை இரண்டு சுற்று, மூன்று சுற்று... கயிற்றுக்கு அடியில் நுழைந்து, ஜூஸ் டம்ளரோடு நின்ற ஒரு சின்னப் பாப்பாவைத் தட்டிவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு. பாப்பாவின் அப்பா பேசிய பேச்சை என் அப்பா தலை குனிந்து கேட்டார். கடித்திருந்தால் என்னாவது? வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "பொங்கல் வரைக்கும் பார்க்கறேன் தம்பி. சொன்ன பேச்சுக் கேக்கலீன்னா தோட்டத்துக் காவலுக்குக் குடுத்துரலாம்." தோட்டத்துக் காவல் என்றால் வாழ்நாள் முழுக்கச் சங்கிலி. கையில் இருந்தது மூன்று மாதம்.

மறுநாள் மாமாவிடம் போய், "நாய் அடங்க மாட்டேங்குது மாமா" என்றேன். அவர், "அடங்காத நாய் இல்ல கண்ணு, சூடேறின நாய். ரெண்டும் வேற" என்றார்.

இந்தச் சூடு என்ன? ஆர்வமோ பயமோ வந்தால் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், கண்ணின் பாவை விரியும், தசைக்கு ரத்தம் ஓடும். ஓடுவதற்கு இது நல்லதுதான். ஆனால் யோசித்துச் செய்யும் வேலைக்கு? 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி. தப்பான பெட்டிக்குள் போனால் ஷாக். வித்தியாசம் சுலபமாகத் தெரிந்தபோது, ஷாக் கூடக் கூட எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது. வித்தியாசம் மங்கலாகிக் கஷ்டமானபோதோ, நடுத்தர ஷாக்கில்தான் நன்றாகக் கற்றது. ஷாக்கைக் கூட்டினால் கெட்டுப்போனது.

நண்பர்களே, இதைப் படித்ததும் எனக்குப் போன வருஷ வாய்மொழித் தேர்வு ஞாபகம் வந்தது. "டெயில் ஸ்டாக் எதுப்பா?" என்று வெளித்தேர்வாளர் கேட்டார். தினமும் தொட்டுத் துடைக்கிற லேத். கை நடுங்கி, ஹெட் ஸ்டாக்கைக் காட்டினேன்! அந்த நேரத்தில் "ஓடு" என்று சொல்லியிருந்தால் முதல் பரிசு வாங்கியிருப்பேன். புல்லட்டுக்கும் அதே கதைதான். சுரங்கம் சுலபம், எவ்வளவு சூட்டிலும் நுழைவான். பன்னிரண்டு கம்புகள் கஷ்டம், அங்கேதான் அறுந்தது.

இன்னொன்று 2015-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்தது. கண்ணாடி போலத் தெரியும் ஒரு தடுப்புக்குப் பின்னால் தீனியைக் காட்டி நாயைக் கூப்பிடுவார்கள். நேராக முட்டாமல் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஒருமுறை சாதாரணக் குரல், ஒருமுறை குதூகலக் குரல். மாற்றுத் திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நிதானமான நாய்களுக்குக் குதூகலக் குரல் உதவியது. இயல்பிலேயே துடிப்பான வீட்டு நாய்களுக்கோ அது கெடுதல் செய்தது. அப்படியானால் போட்டியன்று நான் என்ன செய்தேன்? காலையில் ஒரு மணி நேரம் பந்து எறிந்து "உசுப்பேத்தினேன்". பிறகு திடல் ஓரத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்து, மற்ற நாய்கள் ஓடுவதை முக்கால் மணி நேரம் பார்க்க வைத்தேன். தப்பு செய்ததும் கத்தினேன். கொதிக்கிற பாய்லருக்கு இன்னும் கரி!

இங்கேதான் கவர்னர் வருகிறது. நம் பாடத்தில் வரும் 'ஹண்டிங்' நினைவிருக்கிறதா? வேகம் துளி கூடினாலும் கவர்னர் அளவுக்கு மீறி மூடும், துளி குறைந்தால் அளவுக்கு மீறித் திறக்கும், எஞ்சின் நிலைக்கு வராமல் ஆடிக்கொண்டே இருக்கும். நானும் புல்லட்டும் அப்படித்தான் ஆடினோம். அவன் ஏற நான் கத்த, நான் கத்த அவன் ஏற. வேட்டை நாய்க்கும் அதே வார்த்தை பொருந்துவது தனி வேடிக்கை.

மாமா முதலில் கற்றுத் தந்தது முள் பார்க்க. பிரஷர் கேஜ் மாதிரி நாய்க்கும் முள் உண்டு. தீனியை எப்படி வாங்குகிறது என்று பாருங்கள். உதட்டால் வாங்கினால் சரி. பல் பட்டு விரலோடு பிடுங்கினால் சூடு ஏறுகிறது. வாங்கவே இல்லை என்றால் எல்லையைத் தாண்டிவிட்டது, அதன்பிறகு கற்றுக் கொடுப்பது வீண், விலகிப் போய்விட வேண்டியதுதான். என் விரலில் நாலு தழும்பு இருக்கிறது, எல்லாம் முள் பார்த்த தழும்பு.

அடுத்து தூரம். திடலிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் உதட்டால் வாங்குகிறான்? புல்லட்டுக்கு அறுபது அடி. அங்கே ஒரு பழைய கோணிச் சாக்கை விரித்தேன். அதில் படுத்தால்தான் தீனி. தூரத்தில் ஒரு நாய் ஓடும், இவன் அதைப் பார்த்ததும் "சபாஷ்" என்று சொல்லி ஒரு துண்டு கொடுப்பேன். பார்க்காதே என்று அதட்டுவதில்லை. பார், பிறகு என்னிடம் திரும்பு. லெஸ்லி மெக்டெவிட் என்ற பெண் பயிற்சியாளர் 2007-ல் எழுதிய புத்தகத்தில் உள்ள முறை இது, மாமா தன் பாணியில் சொல்லிக் கொடுத்தார். பத்து நாளில் நாய் ஓடினால் புல்லட் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். வாரம் ஐந்தடி, பத்தடி என்று சாக்கை முன்னே நகர்த்தினேன். இரண்டு முறை அவசரப்பட்டுக் கெடுத்து, மறுபடி அறுபதடிக்கே போனேன்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. பழைய லுங்கித் துணியை முறுக்கி அவன் வாயில் கொடுத்துப் பத்து விநாடி இழுபறி, பிறகு "விடு", "படு". மூச்சு தணிந்ததும் மறுபடி இழுபறி. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி. சூடே ஏறாத நாய் வேண்டுமென்பதில்லை, ஏறிய சூட்டிலிருந்து இறங்கத் தெரிந்த நாய் வேண்டும். இதில் ஒரு நுட்பம். "படு" செய்தால்தான் இழுபறி கிடைக்கும் என்பதால், அடங்குவதே ஆட்டத்துக்கு வாசல் ஆகிவிடுகிறது. டேவிட் ப்ரீமாக் என்பவர் 1959-ல் இதை விதியாகவே எழுதினார், பிடித்த வேலை பிடிக்காத வேலைக்குப் பரிசாகும் என்று. "சோத்தைத் தின்னுட்டு வெளையாடப் போ"ன்னு எங்க அப்பத்தா அதற்கும் முன்னாலேயே சொல்லியிருக்கும்.

ஓடி முடித்ததும் புல்லில் தீனித் துணுக்குகளை இறைத்துவிட்டு முகர்ந்து தேட விடுவேன். மூக்கு வேலை செய்யும்போது தலை தாழும், நடை தளரும். அட்ரினலின் சீக்கிரம் தணிந்தாலும் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு இறங்க நேரமாகும், அதனால் ஓட்டத்துக்கு ஓட்டம் நல்ல இடைவெளி விட்டேன். நம்ம ஊர் வெயில் வேறு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஏழு மணிக்கு மேல் பயிற்சியே இல்லை.

கடைசிப் பாடம் எனக்கு. "கவுத்தைப் புடிச்சிருக்கற உன் கை நடுங்குது. அது நாய்க்குத் தெரியாதா?" என்றார் மாமா. தொடக்கக் கோட்டில் நிற்கும் முன் மூச்சை மெதுவாக மூன்று முறை விடப் பழகினேன். வார்த்தையைக் குறைத்தேன். இதைத் தேர்வறை வாசலிலும் செய்து பார்த்தேன், இந்த செமஸ்டர் வாய்மொழியில் கை நடுங்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்ட பாகத்தைத்தான் காட்டினேன்.

மார்கழிக் கடைசி ஞாயிறு, மறு போட்டி. அப்பா வந்தார், ஆனால் பக்கத்தில் வரவில்லை, வேலியோரம் நின்றார். புல்லட் முறை வரும்வரை தூரத்தில் சாக்கில் கிடந்தான். ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் எழுப்பினேன். ஒரு சின்ன இழுபறி, "படு", உதட்டால் ஒரு துண்டு. சரி, முள் நடுவில் இருக்கிறது.

கோட்டில் உட்காரச் சொல்லிவிட்டு நான் முன்னே நடந்தேன். உட்கார்ந்திருந்தான்! கம்பி, சுரங்கம், கம்பி. கம்புகளில் நான் வாயே திறக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வெளியே வந்ததும் வேலிக்கு அந்தப்புறம் ஒரு நாய் குரைத்தது. புல்லட் நின்றுவிட்டான். காது தூக்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கத்தாமல் பேரை மட்டும் ஒருமுறை சொன்னேன். திரும்பி என்னைப் பார்த்தான். ஓடினோம். சீசாவில் வண்ணத்தைத் தொடாமல் குதித்தான், கடைசிக் கம்பி ஒன்றைத் தட்டினான். மொத்தம் பத்துப் புள்ளி தவறு, ஓடிய ஒன்பது பேரில் ஆறாவது இடம்.

அப்பா வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒன்றுமே பேசவில்லை. புல்லட் அவர் காலோடு ஒட்டி நடந்தான். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார்:

"அந்தச் சீசாவுல மஞ்சளைத் தொடாம எறங்கறான் பாரு, நாளைக்குக் காலைல மொதல்ல அதைச் சரி பண்ணு. ஷிப்ட்டுக்குப் போறதுக்கு முன்னால நானும் வர்றேன்."